வேண்டாம் என்பதற்கு ஓர் இடம்

பேருந்தில் எதிரே நிற்பவரின் முகத்தை அக்கா பார்ப்பதில்லை. கைபேசியைப் பிடித்திருக்கும் கட்டைவிரலைப் பார்க்கிறார். அது எங்கே சும்மா கிடக்கிறது, எதை எட்ட முடியாமல் திணறுகிறது, எப்போது மற்றக் கை உதவிக்கு வருகிறது என்று கண்கொட்டாமல் கவனிக்கிறார். முறைத்தவர்களும் உண்டு. "உங்க போன்ல என்ன இருந்தா எனக்கென்னங்க, விரலைத்தான் பார்த்தேன்" என்பார். அது இன்னும் மோசமாக ஒலிக்கும்.

அக்கா என்று நான் கூப்பிடும் அவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையில் இருக்கிறார். நான் உள்ளறையில் லென்ஸ் வெட்டுகிறேன். அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், நாள் முழுக்க வாய் ஓயாதவர். ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. காதில் விழுவதெல்லாம் புரிகிறது. எழுத்துகள் மட்டும் குழம்புகின்றன. மிஞ்சிய இடக்கைக்காக ஒரு செயலி செய்யப்போவதாக அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைக் கம்ப்யூட்டரில் பில் போடுவதைத் தாண்டி அவர் எதையும் தொட்டவரில்லை. மதிய இடைவேளையில் ஒரு கையில் சாப்பாடு, மறுகையில் செயலி செய்யச் சொல்லித்தரும் வீடியோ என்று ஆரம்பித்தார்.

முதல் திரையில் தண்ணீர், மருந்து, வலி, விசிறி, ஜன்னல் என்று படங்கள் முண்டியடித்து நின்றன. கணவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "கடை ஷோகேஸ் மாதிரி அடுக்கிட்டேன் தம்பி. நாலு ஃபிரேமுக்கு மேல காட்டினா கஸ்டமருக்கே தலை சுத்தும்ல?" என்றார். பாதிக்கு மேல் தூக்கி எறிந்தார். பிறகு கடையின் முத்திரை மையைக் கொண்டுபோய்க் கணவரின் கட்டைவிரலில் பூசி, கைபேசி அளவுக்கு வெட்டிய அட்டையைப் பிடிக்கக் கொடுத்தார். விரல் தானாகப் போய்வந்த வழியில் நீலமாக ஒரு பிறை விழுந்தது. படங்கள் இனி அந்தப் பிறைக்குள்தான். அட்டையை அவர் காட்டியபோது நான் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன்.

படத்தைத் தொட்டால் பேசும் குரல் என்னுடையது. "தண்ணி வேணும்" என்பதை எத்தனை முறை சொல்லவைத்தாரோ. "கெஞ்சாத தம்பி. அவரு கெஞ்சுற ஆளு இல்ல."

எல்லாம் வேலை செய்தது. ஆனால் விரல் ஓய்வெடுக்கும் இடத்தில், தெரியாமல் அழுந்திவிடுமே என்று அக்கா எதையும் வைக்காமல் விட்டிருந்தார். அந்த வெற்றிடத்தையே கணவர் திரும்பத் திரும்பக் குத்தினார். விரல் தடுமாறுகிறது என்று படங்களைப் பெரிதாக்கினார் அக்கா. மறுபடியும் அதே இடம். ஒருநாள் ஊட்டுவதற்குக் கரண்டியை நீட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே இடத்தைக் குத்தவும்தான் உறைத்ததாம். மறுநாள் கடைக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் என்னிடம் வந்தார். "கேக்கறதுக்கு எல்லாம் வச்சேன். மறுக்கறதுக்கு ஒண்ணுமே வைக்கல."

அன்றே "வேண்டாம்" பதிவானது. விரல் ஓய்வெடுக்கும் அந்த இடத்தை அதற்கே கொடுத்தார். தண்ணீர் மேலே போனது. தாகத்தைவிட இது முக்கியமா என்றேன்.

"அவரு கேக்காமலே நான் தண்ணி குடுத்துருவேன். இது அவரு சொன்னாத்தானே தெரியும்?"

அதன்பின் போர்வை வேண்டாம், டிவி வேண்டாம், மச்சினரின் நகைச்சுவை வேண்டாம் என்று அந்த மனிதர் என் குரலை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிவைத்தார்.

போன ஞாயிறு நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வெளியூரிலிருந்து அக்காவின் நாத்தனார் வந்திருந்தார். தன் தம்பியை, அக்காவின் கணவரை, தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதில் கபடம் இல்லை. அக்கா சரியாகத் தூங்கி வெகுநாளாகிறது என்பது கண்ணிலேயே தெரிந்தது. "கொஞ்ச நாளைக்குன்னா சரிதான் அண்ணி" என்று அக்காவே மெதுவாகச் சொல்லவும் செய்தார். நாத்தனார் அலமாரியைத் திறந்து சட்டைகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார். எந்த மருத்துவர், எந்த அறை, எப்போது கார் என்று பேச்சு கணவரின் தலைக்கு மேலேயே ஓடியது.

நாற்காலியிலிருந்து "வேண்டாம்" என்று முணுமுணுப்பாக என் குரல் வந்தது. ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள், நாத்தனாருக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. கணவருக்காக அவரே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அருகில் போனார். கைபேசியை வாங்கி, ஒலியைக் கடைசிவரை ஏற்றி, அந்த இடக்கையிலேயே திரும்ப வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.