கிட்ட வராதே, மடி

சடகோபன் குளத்தில் மூன்றாம் முறையாக முழுகியெழுந்து, சொட்டச் சொட்ட ஈரவேட்டியோடு தெருவின் நட்டநடுவில் நடக்கிறார். எதிரே பால்காரி கங்கம்மா வருவதைப் பத்தடி முன்பே பார்த்துவிட்டுக் கையை உயர்த்துகிறார்.

"கிட்ட வராதே, மடி."

"நா எங்க சாமி வந்தேன்? நீ இன்னாத்துக்கு இப்டி நடுங்கிக்கினு போற?"

"ஈரம்தான், போ."

ஈரமாவது, மண்ணாவது! மூன்று நாளாக அவருக்கு ஜுரம். கப்பலில் சென்னைக்கு வந்திறங்கிய புளூ ஜுரம், 1957 ஆனியில் ரயிலேறித் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் வந்து, வீட்டுக்கு இரண்டு பேரைப் படுக்கப் போட்டிருக்கிறது. அவர் சமைக்கும் பெருமாள் கோயில் மடைப்பள்ளிக்குள் ஜுரக்காரரை விடக்கூடாதென்று கண்டிப்பு. ஜுரமா என்று பார்க்க நெற்றியைத் தொட வேண்டும். குளித்துத் தீட்டுப்படாமல் மடியாக வருகிறவரை ஊரில் எவர் தொடுவார்? மடைப்பள்ளிக்குள் போய்விட்டாலோ, அடுப்பு வெக்கையில் எல்லார் உடம்பும் சுடத்தான் சுடுகிறது.

அறுபத்தேழு வயது. பிள்ளை குட்டி கிடையாது. பெருமாளுக்குத் தளிகை சமைக்கிறவருக்கு அன்றைக்கு இரண்டு பட்டை சாதம். அதுதான் அவருக்கும் மனைவி கமலவல்லிக்கும் ஒரு நாள் சாப்பாடு. போகாதவர் பங்கு, போனவருக்கு. வீட்டுப் பித்தளை அண்டா போன மாதமே பாத்திரக்கடைக்குப் போய்விட்டது. வயிறு, ஜுரம் பார்த்தா பசிக்கிறது?

மனிதர் மடைப்பள்ளியில் உட்காரவே மாட்டார். உட்கார்ந்தால் படுக்கச் சொல்லும் உடம்பு. விறகைத் தள்ளுவார், சாதத்தைத் துழாவுவார், வாசலுக்கு வந்து வெயிலைப் பார்ப்பார், மறுபடி உள்ளே ஓடுவார். இருமல் வந்தால் பழி புகையின் மேல். "செத்த உட்காருமேன் ஓய்" என்று கூடச் சமைக்கும் வரதன் சொன்னால், "உட்கார்ந்தா சாதம் தானா வேகுமா?" என்று எரிந்து விழுவார்.

இன்று வரதன் வரவில்லை. ஜுரமாம். நேற்று முழுக்க இருவரும் ஒரே கரண்டியை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். சேதி கேட்டதிலிருந்து கிழவருக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கோயிலுக்குப் புறப்படுவதும், பாதியில் திரும்பிக் குளத்தில் இறங்குவதுமாக இருக்கிறார். தன்னால்தான் அவனுக்கு வந்ததோ என்று பயம். பசியைவிடப் பெரிய பயம்.

இந்தத் தடவை வீட்டைத் தாண்டும்போது கமலவல்லி வாசலில் நிற்கிறாள்.

"ஏன்னா, வரதன் கைக்குழந்தைக்குக்கூடச் சுடறதாம்."

"ம்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இன்னிக்கு அவன் பங்கும் சேர்த்து நாலு பட்டைடீ" என்கிறார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"ஆத்துல ஒரு மணி அரிசி கிடையாது. எனக்கும் தெரியும்" என்றபடி அவள் படியிறங்கி வருகிறாள். இரவு உடுத்துப் படுத்த, மடியில்லாத புடவை. அவர் மடியாக இருக்கையில் நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் இப்படிக் கிட்டே வந்ததில்லை. கையை அவர் நெற்றிக்கு நீட்டுகிறாள். தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் மடைப்பள்ளியும் இல்லை, இன்றைக்குச் சோறும் இல்லை.

கிழவர் விலகவில்லை. குள்ளமான அவள் கைக்கு எட்டட்டும் என்று, தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறார்.