ஷெர்லின் வெளியே கொடுத்த கலைக்களஞ்சியம்

ஷெர்லினைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவர்மேல் இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் பகலவன் படிப்பகத்தை நடத்துகிற அறக்கட்டளையின் மேல். இன்னும் குறிப்பாகச் சொன்னால் அதன் தலைவர் தாண்டவராயன் மேல். நிலத் தரகில் கொழித்த மனிதர். படிப்பகத்தில் அவர் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்து நான் பார்த்ததில்லை.

ஷெர்லின் அங்கே நூலகர். பக்கத்து ஊர்க்காரர், கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். கூட்டிப் பெருக்குவதிலிருந்து புத்தகம் கொடுத்து வாங்குவது வரை எல்லாம் அவர்தான். கறாரான ஆள். அட்டை கிழிந்து வந்தால், ஒட்டித் தரும்வரை அடுத்த புத்தகம் கிடையாது. நானே அப்படித் திரும்பிப் போயிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அவர் பத்திரமாக வைத்திருந்தது அரசியல் அறிவியல் கலைக்களஞ்சியம். எட்டுத் தொகுதிகள். குன்றத்தூரில் இருந்த ஒரு பேராசிரியர் இறந்தபின் அவர் மனைவி சந்திரம்மாள் வேன் வைத்து அனுப்பியவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், ஆனால் வாசலைத் தாண்டக் கூடாது. நோக்கு நூல்களை வீட்டுக்குத் தரக் கூடாது என்பது அறக்கட்டளையின் விதி. ஷெர்லினும் அதைப் பிசகாமல் காப்பாற்றினார்.

அந்தத் தடித்தடிப் புத்தகங்களை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக ஒரு நாளைச் சொல்கிறேன். செல்வலட்சுமியும் மாரிராஜும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் நிற்பவர்கள். அங்கே தொழிலாளர் குழுவுக்கு லைன் பிரதிநிதி என்று ஒருவரை மேலாளரே நியமித்துவிட்டார். ஷிப்ட் முடிந்து அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் உள்ளே வந்தார்கள்.

"பிரதிநிதின்னா நாம சொல்லுததத்தான் அங்க போயிச் சொல்லணும். சொந்தமா ஒண்ணும் பேசக் கூடாது" என்றான் மாரிராஜ்.

"அதுக்கு ஒரு போனை அனுப்பிட்டா போதுமே! யோசிச்சுப் பேசத்தான ஆளை அனுப்புதோம்" என்றாள் செல்வலட்சுமி.

மாரிராஜ் செல்போனில் ஏஐயிடம் கேட்டான். அவன் சொன்னதுதான் சரி என்றது. அவள் தன் போனில் தனக்குத் தோன்றியபடி கேட்டாள். அவளுக்கும் சரி என்றது. ஷெர்லின் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "இன்னா சத்தம்? பின்னால ஆறாவது தொகுதிய எடுங்க" என்றார்.

'பிரதிநிதித்துவம்' என்று நீளமான ஒரு கட்டுரை. இவர்கள் போட்ட சண்டை எத்தனையோ தலைமுறையாக நடக்கிற சண்டை என்று அதில் இருந்தது. இரண்டு தரப்பின் வாதமும் இருந்தது. எங்கே இடறுகிறது, எது இன்னும் தீரவில்லை, மேலே எதைப் படிக்கலாம் என்றெல்லாம் இருந்தது. எழுதியவர் தன் பெயரையும் போட்டிருந்தார். முடிவில் 'பார்க்க: ஒப்புதல்' என்றிருக்கவே, இரண்டாம் தொகுதியையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துச் செல்வலட்சுமி நிமிர்ந்தாள்.

"அவரு எப்படிப் பேசணும்னு நாம அடிச்சுக்கிட்டோம். அவரை அனுப்பட்டுமான்னு நம்மகிட்ட யாரும் கேக்கவே இல்லயே" என்றாள்.

மாரிராஜ் இரண்டாம் தொகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நானும் படித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். தேர்வுக் கைடுகளிலும் பிரதிநிதித்துவம் இருக்கிறது, ஒரு வரியில். மனப்பாடம் செய்யலாம். அதைச் சொன்னவர் யார், மறுத்தவர் யார் என்று அதில் தேடினால் கிடைக்காது. துறை தெரிந்தவர்கள் உட்கார்ந்து, அலசி, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிற எழுத்துக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாதவர்கள் ஒரு படிப்பகத்துக்குத் தலைவராக இருக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிறகு ஒரு கம்பெனி நன்கொடை தர முன்வந்தது. பயன்படாத புத்தகங்களைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய டிவி மாட்டுவதாகத் திட்டம். எது பயன்படவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? எந்தப் புத்தகம் எத்தனை முறை வீட்டுக்குப் போனது என்று பார்த்தார்களாம். கலைக்களஞ்சியம் ஒருமுறைகூடப் போகவில்லையாம். எப்படிப் போகும்? போகக் கூடாது என்று விதி போட்டதே இவர்கள்தானே!

"எட்டு புக்கு தூங்கிக்கினு கீது. ஒருத்தன் எடுக்கல. எல்லாம் செல்லுலயே வருதும்மா" என்றார் தாண்டவராயன். "சனிக்கிழமை பழைய பேப்பர் வண்டி வரும். ஏத்தி விட்டுடு."

"சார், இது வெளிய குடுக்கற புக்கே இல்ல. இங்கயே ஒக்காந்து படிக்கறாங்க. ஒருநாள் இருந்து பாருங்க."

"நான் பாக்க இன்னா கீது? கணக்குல இல்ல, அவ்ளோதான்."

நான் அங்கேதான் இருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஷெர்லின் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார்.

மறுநாள் அவர் செய்த காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு தொகுதியைக் கையில் கொடுத்தார். "ரூமுக்கு எடுத்துனு போ. அட்டை போட்டுக்க. சோத்துக் கையோட தொடாத" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எனக்கு மூன்றாம் தொகுதி வந்தது. சனிக்கிழமை வண்டி வந்தபோது அலமாரி காலி. இடம் கிடைத்தால் போதும் என்று தாண்டவராயனும் புத்தகங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அதன்பிறகு ஒரு கட்டுரையில் 'பார்க்க' என்று வந்தால், ஷேர் ஆட்டோ பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் இருக்கிற யாருடைய ரூமுக்காவது போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

அப்படியே போயிருக்கும். ஆனால் சந்திரம்மாள் ஒருநாள் அறக்கட்டளைக்கு வந்து, தன் கணவரின் புத்தகங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அதோடு தாண்டவராயனுக்குப் புத்தகப் பாசம் பொங்கிவிட்டது. ஷெர்லினிடம் விளக்கம் கேட்டார்கள்: ஈடுசெய்ய முடியாத அரிய நூல்களை விதியை மீறி வெளியே கொடுத்தது ஏன்? திங்கட்கிழமைக்குள் எட்டும் வராவிட்டால் வேலை கிடையாது. பழைய பேப்பர் வண்டியில் ஏற்றச் சொன்ன அதே வாய்! கேட்கும்போது கூச்சமாகக்கூட இல்லையா?

எல்லோரும் கொண்டுவந்து கொடுத்தோம். தாண்டவராயன் புதிதாகக் கண்ணாடி அலமாரி வாங்கி, 'அரிய நூல்கள்' என்று பலகை மாட்டி, வந்த தொகுதிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். யாராவது கேட்டால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கட்டும் என்றார்.

ஆறாம் தொகுதி கடைசியாக வந்தது. கொண்டுவந்தது யார் என்று எழுத மாட்டேன். ஷெர்லின் புத்தகத்தைக் கையில் வாங்கினார். பூட்டைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எடுத்துனு போ."

"யக்கா, ஒங்க வேலை போயிரும்லா?"

"போன்னு சொல்றேன்ல."

அன்றைக்கே அவர் எழுதிக் கொடுத்தார்: ஆறாம் தொகுதி என் கவனக்குறைவால் தொலைந்துவிட்டது. கீழே முழுப்பெயரையும் போட்டார். அந்தப் படிப்பகத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக்கூடத் தொலைத்தறியாத மனுஷி அவர். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் டோக்கன் வாங்கிப் போடுகிறார். போய்ப் பார்த்தேன். இப்படி வேலையை விட்டுவிட்டீர்களே என்று எனக்குத்தான் ஆறவில்லை. அவர் டோக்கன்களை டப்பாவில் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழு உள்ள கெடக்குது. ஒண்ணாவது படிக்கறவங்க கையில கீதே" என்றார்.