ஒரு பிறப்புச் சான்றிதழைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனது

ஞாயிறு காலை 8.10. வெள்ளவத்தையில், புறக்கோட்டைக்குப் போகும் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். எண்பது ரூபாய். போகவேண்டிய கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று மேல். இதையெல்லாம் பயணம் என்று எழுதுவதா என்று கேட்பீர்கள். புறப்படவே எனக்கு மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், எடுத்தது, ஐயா!

பையில் ஒரு பழுப்பு உறை. உள்ளே ஜெசிந்தாவின் பிறப்புச் சான்றிதழும் நான் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். என் முத்திரை இல்லாமல் அது விசாவுக்குச் செல்லாது. ஜெசிந்தா அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது தாதி. சிறுநீரகம் பழுதான என் மனைவிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் அங்கேதான் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். மற்ற மிஸ்ஸிமார் மூன்று நாலு தரம் ஊசி குத்துவதில் கை நீலம் பாரித்துவிடும். ஜெசிந்தா ஒரே குத்தில் ஏற்றிவிடுவாள். அவள்தான் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகிறாள்.

8.40. காலிமுகத்திடல். கடல் கலங்கிக் கிடந்தது. போன மாதம் எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் இந்த விஷயத்தை வெளுத்து வாங்கியவன் நான். ஏழை நாடு இலவசமாகப் படிப்பித்த தாதியைப் பணக்கார நாடு அள்ளிக்கொண்டு போவது பகற்கொள்ளை, சம்பளமில்லா லீவு கொடுத்து அனுப்பும் அரசாங்கமும் அதற்குக் கூட்டு என்றேன். கைதட்டினார்கள். மனைவியின் கை நீலம் பாரிப்பதைப் பற்றி அங்கே நான் மூச்சும் விடவில்லை.

9.05. புறக்கோட்டையில் ஓட்டோ பிடித்தேன். முந்நூற்றைம்பது என்றார், பேரம் பேசும் மனநிலை இல்லை. சாரதியிடமும் அதே பேச்சைத் தொடங்கினேன்.

"என் தங்கச்சி குவைத்துல ஒரு வயசான அம்மாவைப் பாத்துக்கிறா, ஐயா," என்றார். "இங்க எங்க அம்மாவைப் பாக்க ஆளில்ல. யாரைப் போய்க் கேக்கிறது, சொல்லுங்க?"



9.25. கொட்டாஞ்சேனை. ஜெசிந்தா தேவாலயத்தில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். உறையைக் கொடுத்தேன். தாளை மேலிருந்து கீழே வாசித்தவள், முத்திரைக்குப் பக்கத்தில் கண்ணை நிறுத்தினாள். அங்கே திகதி இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன், அவள் தந்த அன்றே முடித்துக் கையொப்பமிட்டிருந்தேன்.

"வேலையை முடிச்சுப்போட்டு மேசைக்குள்ள வச்சிருந்தனான், பிள்ளை," என்றேன். வெட்கமாக இருந்தது.

"தெரியும் அங்கிள். ஆஸ்பத்திரியில அன்ரி சொன்னவ."

"பிறகேன் கேக்கேல்லை?"

"எப்பிடிக் கேக்கிறது? உங்கட இடத்தில நான் எண்டாலும் வச்சிருப்பன்."

சுவரோரம் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே புத்தகத்தில் தலைமுட்டப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் கேட்டேன்: "அங்க ஆளில்லையெண்டு இஞ்ச இருந்து எடுக்கிறது நியாயமோ?"

"நியாயமில்லைதான். இஞ்ச ரெண்டு பேரின்ர வேலையை ஒராள் செய்யிறதும் நியாயமில்லை." தாளை மடித்தாள். "அங்கயும் ஆரோ ஒரு அன்ரிக்குத்தானே அங்கிள் குத்தப்போறன்."

வாசிகசாலையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. பாலில்லாத பிளேன்ரீ தந்தாள், குடித்துவிட்டு எழும்பினேன்.

11.15. வெள்ளவத்தை. மனைவி கதவைத் திறந்தாள்.

"குடுத்தனீங்களோ?"

"ஓம்."

"நல்லது." கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை புதுசா வந்த மிஸ்ஸிப் பிள்ளைதான் குத்தும். ஜெசிந்தா பக்கத்தில நிண்டு பழக்குவா. நீங்கள் உள்ளுக்கு வராதேங்கோ. உங்கட முகத்தைப் பாத்தா அந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும்."