ஆல்டோ மட்டும் தெரிந்தவள்

வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் சின்ன லுத்தரன் கோயிலில் சாயங்கால ஆராதனை முடியும்போது ஒரு பாட்டு உண்டு. குழந்தை இயேசுவைக் கையில் வாங்கிய கிழவர், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன், இனி என்னை நிம்மதியாகப் போகவிடும் ஆண்டவரே என்று பாடியது. எந்தக் காலத்திலோ ஒரு ஜெர்மன்காரர் நாலு குரலுக்குப் போட்ட மெட்டு, வார்த்தை நம்முடையது. அக்கா சொப்ரானோ, அதாவது மெட்டையே பாடுகிறவள். அப்பா பேஸ், அடிக்குரல். டெனர் என்கிற இன்னொரு குரலுக்கு வேறு ஆட்கள். நான் நடுவில் ஆல்டோ. ஆல்டோவின் தலையெழுத்து, பாட்டு முழுக்க ரெண்டு மூன்று சுரத்திலேயே மாவாட்டிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் தனியாகப் பாடிப் பழகினால், ஃபேன் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பாள் அம்மா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு குரலும் சேர்ந்து எழும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த ஞாயிறுகளுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

பிறகு எல்லாருக்கும் கம்பெனி வேலை. ஒருத்தருக்கு ஷிப்ட் முடிந்தால் இன்னொருத்தருக்கு ஷிப்ட். கோயில் பாட்டுக்குழு கலைந்தே போனது.

போன வருஷம் அப்பா படுத்துவிட்டார். வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். அவரைப் போகவிடச் சொல்லி நானே எப்படிப் பாடுவது? வேறு பாட்டு பாடட்டுமா என்று மழுப்பிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆரம்பித்தேன், வந்தது ஆல்டோ. அத்தனை வருஷம் அக்கா பக்கத்தில் நின்று கேட்ட மெட்டு, தொண்டைக்கு வரவே மாட்டேன் என்றது. அப்பா சிரித்துவிட்டு, கீழே மெல்ல பேஸ் பிடித்தார். போகவிடும் என்கிற வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து என்று கை காட்டினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றேன்.

அதற்குள் ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். ஐடி கார்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே மெட்டை எடுத்தாள். அப்பா சட்டென்று நிறுத்திவிட்டார். பயந்துபோய் என்னப்பா என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. இத்தினி வருசமா பாடிகினே இருந்துட்டேன். எப்பிடி கீதுன்னு ஒரு தபா கேக்கணும். நீங்க பாடுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அடியில் அவர் குரல் இல்லாமல் அக்காவோடு சேர்ந்து பாடியது அதுதான் முதல் தடவை. அந்த வரி வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே, போகவிடும் என்று பாடினேன்.