கெவெலாரில் கழற்றிய கண்ணாடி

பென்ஜமின் மன்னாரில் கடற்றொழில் செய்தவர். ஜெர்மனிக்கு வந்தபின் ஹம் நகரில் ஒரு பண்டகசாலையில் ஸ்டாப்ளர் ஓட்டினார். பெட்டிகளை உயரத் தட்டுகளில் ஏற்றி இறக்கும் அந்தச் சிறு வண்டியை ஓட்டுகிற ஒரே தமிழர் அங்கே அவர்தான். அந்தப் பெருமையை அவர் மறைத்ததில்லை.

1996 ஆவணியில் அங்குள்ள தமிழர்கள் பஸ் பிடித்து, கெவெலார் என்ற ஊரின் மாதா கோயிலுக்கு யாத்திரை போனார்கள். அங்கே பென்ஜமின் செபப் புத்தகத்தை விரித்தபோது வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே எழுத்துத் தெளிந்தது. பல வருடங்களாக முடியாத காரியம். பஸ்ஸில் எல்லோரும் மாதா செய்த புதுமை, அற்புதம் என்றார்கள். பென்ஜமினும் நம்பினார்.

ஆனால் தூரம் மங்கத் தொடங்கியது. புதுக் கண்ணாடி வாங்கினார். மார்கழியில் நத்தார்ப் பண்டிகை வருமுன்பே அதுவும் சரிவரவில்லை. கடைக்காரன் பிழையாய் அளந்துவிட்டான் என்று திட்டினார். மேல்தட்டு இலக்கங்களை வாசிக்காமல் பழக்கத்தில் ஓட்டினார். ஒருநாள் விளக்கொளி கண்ணில் சிதற, முன்னால் நின்ற ஆளை மயிரிழையில்தான் இடிக்காமல் விட்டார்.

மனைவி பிளோறன்ஸ் கண் வைத்தியரிடம் இழுத்துப் போனா. இரத்தத்தில் சீனி ஏறி இறங்கினாலும் பார்வை மாறும் என்று வைத்தியர் முதலில் இரத்தம் சோதித்தார். சீனி வியாதி இல்லை. கண்புரை. கண்ணின் வில்லை நடுவில் இறுகி, ஒளியைக் கூடுதலாக வளைக்கிறது. அதனால்தான் கிட்டப் பார்வை தெளிந்து, தூரம் போனது. வில்லை இன்னும் மாறிக்கொண்டிருப்பதால் கண்ணாடியின் அளவும் மாறுகிறது. கடைக்காரனில் பிழையில்லை.

"மாதாவின்ர புதுமை எண்டு ஊரெல்லாம் சொன்னியளே?" என்றா பிளோறன்ஸ், வீட்டுக்கு வந்ததும்.

"நான் எங்கை சொன்னன்? பஸ்ஸிலை பாட்டெடுத்தது நீர்."

"சரி, வண்டிக்கு வைத்தியர் என்ன சொன்னவர்?"

"ஒப்பரேசன் முடியுமட்டும் தொடக் கூடாதாம்." தேநீர்க் கோப்பையை எடுத்தபடி, "வேலையிலை மைஸ்டருக்குச் சொன்னா வண்டி வேற ஆளுக்குப் போயிடும். பிறகு தரமாட்டாங்கள்" என்றார்.

"சொல்லாமல் ஓடி ஆரையும் இடிச்சா?"

அவர் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"அண்டைக்கு முன்னாலை நிண்டவன்ர முகம் எனக்குத் தெரியேல்லை, பிளோறன்ஸ். ஆளெண்டே விளங்கேல்லை."

மறுநாள் வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளரான மைஸ்டரின் மேசையில் வண்டிச் சாவியை வைத்துவிட்டு, தெரிந்த ஜெர்மன் மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். மைஸ்டர் அவரைப் பொதி கட்டும் பகுதிக்கு அனுப்பினார். வண்டி திரும்பக் கிடைக்குமா என்று மைஸ்டரும் சொல்லவில்லை, பென்ஜமினும் கேட்கவில்லை.