அம்மாவின் முகப்புப் படம்

செங்கு டவுனில் நான் வேலை செய்யும் பேனர் கடையில் கல்யாணத்துக்கும் படம் செய்வோம், கருமாதிக்கும் செய்வோம். கல்யாண வீட்டுக்காரர்கள் கலரை மாற்று, பூவை மாற்று என்று உயிரை வாங்குவார்கள். சாவு வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனாலேயே மரண அறிவிப்பை மட்டும் நான் பார்த்துப் பார்த்துச் செய்வேன்.

அதற்கென்று ஒரு முறை உண்டு. நடுவில் முகம், பெரிதாக. முகத்துக்குப் பின்னால் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. கீழே பெயர், எட்ட நின்று படிக்கும்படி. வேறு எதுவும் கண்ணை இழுக்கக் கூடாது. முகம் கிடைப்பதுதான் பெரும்பாடு. செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தனியாக எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. யார் கல்யாணத்திலாவது கூட்டத்தோடு நின்ற படத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து ஆளை வெட்டியெடுத்தால் தோள்மேல் பக்கத்து ஆளின் கை இருக்கும். அந்தக் கையை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சட்டையையோ சேலையையோ வரைந்து மூடுவேன்.

அம்மா இறந்தபோது அவள் படத்தையும் நான்தான் செய்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? ரெம்பியாவில் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த படம். அதில் அம்மாவின் தோளில் இருந்த கை என்னுடையது. அதையும் அழித்தேன். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குகிறது. அப்பா அதை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. விளக்கேற்றும்போதுகூடத் திரியைத்தான் பார்ப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அவ எப்பம்மா இப்படிப் பார்த்தா?" என்றார். 

என் தம்பி கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தான். பகலெல்லாம் கம்பெனி வேலை, மீதி நேரமெல்லாம் அது. சுடுவதும் வெட்டுவதும் அதில் கிடையாது. தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் ஒரு பெண் விடியுமுன் எழுகிறாள். சமைக்க வேண்டும், சோறு கட்ட வேண்டும், பிள்ளைகளை எழுப்ப வேண்டும். ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடிப்பதற்குள் ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும். நியாலாஸ் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்திலிருந்து அம்மா செங்குக்கு வேலைக்குப் போனது இப்படித்தான். அந்த நேரத்து அம்மாவை நாங்கள் பாதித் தூக்கத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

விளையாட்டை இணையக் கடையில் போட முகப்புப் படம் வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் தபால்தலை தபால்தலையாக வரிசை கட்டி நிற்கும். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை அந்தச் சின்னப் படம்தான் நிறுத்த வேண்டும்.

"வேற ஆளுகிட்ட குடுக்க மாட்டேன்க்கா. நீதான் செய்யணும்" என்றான் தம்பி. "ஒண்ணே ஒண்ணுதான். அதுல அம்மா உயிரோட இருக்கணும்."

"அது போதும்லடா, செஞ்சிரலாம்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

இப்படிப்பட்ட படத்தை எப்படிச் செய்வது என்று இணையத்தில் தேடிப் படித்தேன். ஒரே உருவம் போதும். முகம் என்றால் இன்னும் நல்லது. பின்னால் வெளிச்சம் வை, ஓரத்தை இருட்டாக்கு. தலைப்பைச் சின்னதிலும் படிக்க முடியவேண்டும். படிக்கப் படிக்க எனக்குத் தெம்பு வந்தது. நான் தினமும் செய்கிற வேலைதானே இது! கையிலிருந்த அம்மாவின் முகத்தையே எடுத்தேன். பின்னால் விடியலின் வெளிச்சம், கீழே விளையாட்டின் பெயர். ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதும் முகம் பளிச்சென்று தெரிந்தது. தம்பியின் இணைய நண்பர்கள், எங்கெங்கோ நாட்டில் இருப்பவர்கள், பிரமாதம் என்று எழுதினார்கள்.

தம்பி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். சற்று நேரத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் ஓம் சாந்தி என்றார். தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த கிறிஸ்தவ அத்தை, ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தருவாராக என்று எழுதியிருந்தார். கடைசியில் ரெம்பியா சித்தி ஃபோன் செய்தார்.

"ஏம்மா, அக்காவுக்குத் திதி என்னைக்கு? தேதி போடாமலே அனுப்பிட்டீங்களே. நான் வடை சுட்டுக் கொண்டாந்துர்றேன்லா."

"திதி இல்ல சித்தி. அது தம்பி செஞ்ச கேம்."

"என்னா கேமு?"

முடிந்த மட்டும் விளக்கினேன்.  "சரிம்மா. அப்ப வடை வேணாம்" என்று சித்தி வைத்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்துப்போய் ஹாலில் தொங்கிய படத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். அதே முகம், அதே வெளிச்சம், நான் வரைந்து மூடிய அதே தோள். மாலை மட்டும்தான் பாக்கி. நான் படித்த விதிகளில் குற்றமில்லை. ஆனால் எங்கள் ஆட்களின் கண்ணுக்கு அவையெல்லாம் எப்போதோ சாவுக்கு நேர்ந்துவிட்டவை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "வாங்கப் போறவன் வெளிநாட்டுக்காரன். அவனுக்கு இதெல்லாம் தெரியப்போவுதா?"

"நான் பார்ப்பேன்லக்கா" என்றான். "ஒவ்வொரு வாட்டி தொறக்கறப்பவும் நான் பார்ப்பேன்ல."

மறுபடி உட்கார்ந்தேன். அம்மாவைச் சிரிக்க வைத்தேன், பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. வண்ணத்தை அள்ளிக் கொட்டினேன், கோயில் திருவிழா பேனர் வந்து நின்றது. வீட்டிலிருந்த ஆல்பங்களையெல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் அம்மா கேமராவைப் பார்த்துக்கொண்டு, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்கு நிற்கிறவளை யார் படம் எடுத்து வைப்பார்கள்? எத்தனையோ பேரின் அப்பா அம்மாவைச் செத்தவர்களாக்கிப் பழகிய கை இது, இதற்கு உயிரோடு ஒருத்தியை வரையத் தெரியவில்லை என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடையில் முதலாளி தவுக்கே பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்துகொண்டேன்.

வேறு வழி தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியின் விளையாட்டைத் திறந்தேன். அதுவரை நான் அதை ஒழுங்காக விளையாடியதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டுத் தவறவிட்டு ஒருவழியாக அந்தப் பெண்ணை ரோட்டோரம் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குத் தே கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சும்மா நிற்கவில்லை. பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பஸ் வரும் திசைக்குக் கழுத்தை நீட்டினாள். பிறகு செருப்பிலிருந்து வலது காலை எடுத்து, இடது காலின் ஆடுதசையைப் பாதத்தால் வரக் வரக்கென்று தேய்த்தாள்.

அம்மா. கொசு கடித்தால் குனிந்து சொறிய மாட்டாள், கையில் பை இருக்கும். நான் மறந்தே போயிருந்தேன். தே ஆறும்வரை மங்குக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இத எப்படா போட்ட?" என்று தம்பியைக் கேட்டேன்.

"அதான்க்கா மொத மொதல்ல போட்டேன். மத்ததெல்லாம் அதுக்கப்புறந்தான்."

அதையே வரைந்தேன். முகம் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு பெண். தோளில் சிவப்புப் பை. பஸ் இன்னும் வளைவு திரும்பவில்லை, அதன் வெளிச்சம் மட்டும் செம்பனை மரங்களின்மேல் லேசாகப் படுகிறது. நகம் அளவுக்குச் சுருக்கியபோது அந்த நிற்பும் சிவப்புப் பையும் மட்டும் மிஞ்சின. இணைய நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. முகம் இல்லாமல் எவன் நின்று பார்ப்பான், பழைய படத்தையே போடு என்றார்கள். தம்பி அதைப் படித்தான். என்னிடம் மாற்றச் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. குடும்பக் குழுவில் போடவும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி போய் ஃபோனை அவர் கையில் கொடுத்தான். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. புதுப் படம், இணையக் கடையில் தெரியப்போகிற அதே தபால்தலை அளவுதான். அப்பாவிடம் கண்ணாடி இல்லை. உள்ளே போய் எடுத்து வரட்டுமா என்று கேட்பதற்குள் அவர் கையை முழுக்க நீட்டி, ஃபோனைத் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொசு புடுங்குது அவள" என்றார். கொஞ்சம் கழித்து, "பஸ்ஸு இன்னும் வரல போல" என்றார்.

தம்பி ஃபோனுக்காகக் கையை நீட்டினான். அப்பா கொடுக்கவில்லை.