ரெஜினா டீச்சர் கேட்ட பெயர்

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்றிருந்தபோதுதான் பள்ளிப் பியூன் சைக்கிளில் வந்தார். "நம்ம ரெஜினா டீச்சர் பூட்டாங்க சார். தூக்கத்துலயே." தண்ணீர்ப் பஞ்சத்தில் குழாய்க்குக் குடத்தை நிரப்பவே மனம் வராத கோடை இது. அழக்கூட அலுப்பாக இருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் என் மனைவி ஜெயத்திடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரெஜினா டீச்சர் சாந்தோமில் பிறந்து சாந்தோமிலேயே வாழ்ந்தவர். எங்கள் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். பிள்ளைகள் அவரிடம் பயப்படுவார்கள், என் வகுப்பில் தூங்குவார்கள். மணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் எப்போதும் பூனை உண்டு.

எங்கள் கைக்குழந்தை ஜுரத்தில் இறந்த மறு வருஷம், விடைத்தாள் வாங்க மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போது எங்கள் பூனை சில நாளாகக் கழுத்தை நீட்டி நீட்டி இருமும், ஒன்றும் வெளியே வராது. சாப்பாடும் நின்றுபோயிருந்தது. ஜெயம் அதைத் துண்டில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு, குழந்தைக்குப் பாலூட்டிய வெள்ளிச் சங்கில் விளக்கெண்ணெயுடன் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீடுகளில் வயிற்றுக்கு எது வந்தாலும் விளக்கெண்ணெய்தான். பூனைக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டோம்.

"ஐயோ, புகட்டாதீங்கம்மா! மூச்சுக்குள்ள போயிட்டா அவ்ளோதான். விளக்கெண்ணெயும் வேணாம்" என்று டீச்சர் வாசலிலிருந்தே கத்தினார்.

பூனையை வாங்கித் தடவிக்கொடுத்தபடி சொன்னார். "உடம்பை நக்கி நக்கி முடியெல்லாம் வயித்துல சுருண்டுக்குது. நான் மத்தி மீனை வேகவெச்சு, மேல மிதக்குற எண்ணெயைக் கொஞ்சம் சோத்துல பிசைஞ்சு வைப்பேன். வழுக்கிட்டு வந்துடும். உங்க வீட்ல மீன் நடக்காது. நெய் இருக்கில்ல? துளி போதும், ஜாஸ்தியானா வயிறு போயிடும். தினம் சீப்பு போட்டு வாரிவிடுங்க. ரெண்டு நாள்ல தின்னலைன்னா மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

எனக்கே சோற்றில் நெய் விழாத நாட்கள் அவை. பூனைக்கு விழுந்தது, பிழைத்தும்கொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கிளம்பும் முன் டீச்சர் அந்தச் சங்கைக் கழுவி, தம் முந்தானையால் துடைத்து, ஜெயத்தின் கையில் கொடுத்தார். "புள்ளைக்கு இன்னா பேரு வெச்சிருந்தீங்க?" என்றார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என்ன ஜுரம், எந்த டாக்டர் என்றுதான் கேட்டார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை.

"மைதிலி" என்றாள் ஜெயம். குழந்தை போனபின் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது அப்போதுதான். பிறகு வெகு நேரம் பேசினாள். டீச்சர் விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்து நாங்கள் டீச்சரின் வீட்டுக்குத் திரும்பியபோது, கட்டிலடியில் ஒரு கிழட்டுப் பூனை இருமிக்கொண்டிருந்தது. "மார்க்கெட் பக்கம் விட்டுடலாம்னு இருக்கேன் சார். பார்த்துக்க ஆளில்லை" என்றார் டீச்சரின் தம்பி. எங்கள் பூனை போன வருஷமே போய்விட்டது. இன்னொன்றை வளர்க்க எனக்குத் தெம்பில்லை.

"ஏன்னா, நம்மாத்துக்கு வரட்டும்" என்றாள் ஜெயம்.

"அது நெய்யைத் தொடாது. மீன் தின்னு வளர்ந்தது" என்றேன்.

"தெரியும்."

மறுநாள் காலை நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் சாலையோரத்தில் ஜெயம் மடிசாரோடு நின்றாள். கூடைக்காரம்மா சிரித்துவிட்டார். "இன்னாம்மா, அய்யரூட்டம்மா மீன் வாங்க வந்துகினு கீறே!"

"பூனைக்கு. மத்தி இருக்கா?"

கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. மூக்கைப் பொத்திக்கொண்டே வேகவைத்தாள். பிறகு உள்ளே போய் மைதிலியின் சங்கை எடுத்துவந்தாள். மேலே மிதந்த எண்ணெயை அதில் துளி மொண்டு சோற்றில் விட்டுப் பிசைந்தாள். நான் தடுக்கவில்லை.

உங்கள் பூனை தட்டை நக்கிவிட்டது, டீச்சர். நிம்மதியாகப் போய் வாருங்கள். அங்கே மைதிலி என்று ஒரு குழந்தை இருப்பாள். உங்களுக்குத்தான் அவள் பெயர் தெரியும்.